ரெஜினா பேன்

அரசாங்கம் அந்தப் பூச்சிக்கு ஓர் எழுத்தும் சில எண்களும் சேர்த்து ஒரு பெயர் வைத்திருந்தது. மேல்மலைக்காரர்கள் வாயில் அது நுழையவில்லை. அவர்கள் வைத்த பெயர் ‘ரெஜினா பேன்’. பைன் மரத்து ஊசியிலையின் அடியில் உட்கார்ந்து, உடம்பைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு நூற்றுப் போர்த்திக்கொண்டு, சாகும்வரை சாறு உறிஞ்சும் பூச்சி. கடுகில் கால்வாசிகூட இருக்காது. அதை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவள் டாக்டர் ரெஜினா. பிள்ளையைப் பெற்றவள் பேர்தானே பிள்ளைக்கு முன்னால் வரும்?

அந்தப் பேனில் ஆணே கிடையாது, தாய் முட்டையிட்டால் மகள், மகள் முட்டையிட்டால் பேத்தி, எல்லாம் ஒருத்தியை உரித்து வைத்த மாதிரி இன்னொருத்தி என்று தெரிந்த பிறகு கேலி இன்னும் பொருத்தமாகிவிட்டது. ஐம்பதைத் தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளாதவள் செய்த பூச்சி வேறு எப்படி இருக்கும் என்று பேருந்து நிறுத்தத்தில் சிரித்தார்கள். ஆரம்பத்தில் ரெஜினாவும் சேர்ந்து சிரித்தாள். இப்போது அதற்கும் தெம்பில்லை.

பூச்சி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. புல்வெளியை விழுங்கி, ஓடைகளைக் குடித்து வற்றவைத்துக்கொண்டிருந்த பைன் காடு ஐந்தாறு வருடத்தில் பழுப்பாகி, மொட்டையாகி, சாய ஆரம்பித்தது. ஓடைகளில் மறுபடி தண்ணீர் வந்தது. அடிவாரத்து ஊர்களில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். நல்ல காரியம்தான். யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அந்தக் காட்டைப் பார்க்கத்தான் மலைக்கு ஜனம் வந்துகொண்டிருந்தது. குதிரைக்காரர்கள், போட்டோ பிடிப்பவர்கள், சோளக்கதிர் சுடுபவர்கள் எல்லாரும் அந்த மரங்களை நம்பித்தான் இருந்தார்கள். காட்டு வாசலில் பன்னும் பிளம் கேக்கும் விற்ற கடை ஒன்று இருந்தது. அது ரெஜினாவின் அக்கா அமலோற்பவத்தின் கடை. கடையை மூடிய அன்று அமலி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணாடி ஜாடிகளைக் கழுவித் துடைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று ரெஜினாவுக்கு இன்றைக்கும் தோன்றும்.

கார்த்திகை மாதத்து மத்தியானம் ஒன்றில் அந்த அக்காதான் கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு குதூகலம்.

“ரெஜி, உடனே கிளம்பி வாடி. நம்ம ஜெரோம் மரம் காய்ச்சிருக்கு!”

“எந்த மரம்க்கா?”

“எத்தன மரம் இருக்கு எங்கிட்ட? பின்னாடி நிக்கிற கிறிஸ்துமஸ் மரம்டி. முத முதல்ல காய்ச்சிருக்கு. குட்டிக் குட்டியா அன்னாசிப்பழம் கணக்கா. போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பணும், என் போன்ல தெளிவா விழ மாட்டேங்குது.”

கையிலிருந்த டீயை ரெஜினா மேசையில் வைத்தாள். அன்னாசிப்பழம் கணக்கா என்றாளே அக்கா. அக்கா வீட்டில் நிற்பதாக அவள் நினைத்திருந்த அரக்கேரியாவில் அப்படிக் காய்க்காது. எந்த மரத்திலும் அப்படி ஒரு காய் காய்க்காது. அப்படி இருப்பது காயே அல்ல.

ஜீப்பில் போகும்போது தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டே போனாள். இருக்காது. பூச்சியை வெளியே விடுவதற்கு முன்பு மலை முழுக்கத் தேடினோமே. ஸ்புரூஸ் என்ற மரம் மட்டும் எங்கேயும் இருக்கக்கூடாது என்பதுதானே திட்டத்தின் ஆணிவேர். ஆள் போகமுடியாத இடத்தில் ட்ரோன் பறந்தது, ஊருக்குள் வீடு வீடாக ஆள் போய்க் கேட்டது. ‘அம்மா, உங்க வீட்டுல என்ன மரம் நிக்குது?’ எல்லா வீட்டிலும் ஒரே பதில்: ‘அசல் கிறிஸ்துமஸ் மரங்க.’ இந்த மலையில் கிறிஸ்துமஸ் மரம் என்றால் அடுக்கடுக்காகக் கிளை விரிக்கும் அரக்கேரியா. அசல் என்றால் பிளாஸ்டிக் இல்லை என்று அர்த்தம். கேட்டவர்கள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அக்கா வீட்டை ரெஜினாவே போனில் கேட்டாள். அக்காவும் அசல் என்றுதான் சொன்னாள்.

அமலி சமையலறைப் பின்வாசலில் காத்துக்கொண்டு நின்றாள். புதுப் புடவை வேறு. தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

கூரை உயரத்துக்கு நின்றது மரம். கரும்பச்சை, குட்டை ஊசிகள், கீழ்நோக்கித் தொங்கும் கிளைகள். ஸ்புரூஸ். பார்த்தவுடன் தெரிந்தது, இரண்டாம் தடவை பார்க்க வேண்டியதில்லை. இத்தனை வருடம் இந்த வீட்டுக்கு வந்து போயிருக்கிறாள். அலங்காரத்தோடு, சீரியல் பல்போடு, நட்சத்திரத்தோடு, பின்வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்திருக்கிறாள். போன மாசி மாதம் மூடுபனியில் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “என்னக்கா, பண்டிகை முடிஞ்சு எத்தன நாளாச்சு, பஞ்சை இன்னும் எடுக்கலையா?” என்றுகூடக் கேட்டாள். இந்த ஊரில் பனி மாதிரித் தெரிய வேண்டும் என்று மரத்தில் பஞ்சு ஒட்டுவார்கள். “எடுத்தேனேடி” என்றாள் அமலி. “மிச்சம் ஒட்டிக்கிட்டிருக்கு பாரு” என்று சொல்லிவிட்டு ரெஜினா ரெண்டாவது தோசைக்குச் சட்னி கேட்டாள்.

அது மிச்சப் பஞ்சு இல்லை. உலகத்திலேயே அந்தப் பஞ்சை நன்றாக அறிந்தவள் அவள்தான்.

“என்னடி மரம் மாதிரி நிக்கிற? எடு போட்டோவ.”

ரெஜினா கிளை நுனியிலிருந்து ஒரு ‘காயை’க் கிள்ளினாள். அமலி “ஏய் ஏய்” என்று பதறினாள். நகத்தால் பிளந்து காட்டியதும் பதற்றம் நின்றது. உள்ளே அறை அறையாக இருந்தது. ஒவ்வோர் அறையிலும் சிவந்த பூச்சிக் குஞ்சுகள் மொய்த்துக்கொண்டிருந்தன.

“சேசுவே!” அமலி கையை உதறினாள். “என்னடி இது?”

“நான்தாங்க்கா.” தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ரெஜினா சொன்னாள். “ரெஜினா பேன்.”

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அமலி காபி போடவில்லை. ரெஜினா ஆதியிலிருந்து சொன்னாள். எத்தனை மேடைகளில் சொன்ன கதை! அக்காவிடம் ஒரு நாளும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“பைன்ல இருக்கிறவரைக்கும் அது வெறும் பொம்பளைக் கூட்டம். மாறவே மாறாது. ஆனா இடையில ஒரு தலைமுறைக்கு மட்டும் இறக்கை முளைக்கும். அதுக பைன்ல தங்காது. ஸ்புரூஸ் மரத்தைத் தேடிப் பறக்கும். அங்கதான் அதுக போடுற முட்டையில ஆணும் பொண்ணும் பொறக்கும். கூடும். கூடினது ஒரே ஒரு முட்டை போடும். அதுல வர்றவ மொட்டுக்கடியில உக்காந்து உறிஞ்சுவா, மொட்டு வீங்கி இந்த மாதிரி ஆகிடும். இதுதான் அதுக பிள்ளைங்களுக்குத் தொட்டில். தொட்டில் காஞ்சு வெடிச்சா எல்லாம் இறக்கையோட வெளிய வரும்.”

“இங்கதான் அந்த மரம் இல்லேன்னு நெனச்சீங்களே, அப்ப இறக்கை முளைச்சதெல்லாம் என்ன ஆகும்?”

“தேடும். கிடைக்காம காத்துலயே செத்துப்போகும். அதை வச்சுத்தான் எங்களுக்கு அனுமதியே கொடுத்தாங்க.”

அமலி தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள். “இல்லாத ஒண்ணத் தேடிப் பறந்து சாகட்டும்னா படைச்சீங்க? பாவம்டி.”

ஆராய்ச்சிக் கூட்டங்களில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

“சரி, ஒண்ணு கண்டுபிடிச்சிருச்சு. இப்ப என்ன கெட்டுப்போச்சு?”

“ரெண்டு வகை விட்டோம்க்கா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கட்டுப் போட்டு வச்சிருந்தோம். இந்த ஒரு ஜாதி பைனைத் தவிர வேற எதுலயும் வாய் வைக்கக்கூடாதுன்னு கட்டு. தனித்தனியா இருந்தா கட்டு நிக்கும். இங்க ரெண்டும் கூடிருச்சு. கூடினா கலக்கும், கலந்தா கட்டு அவிழும். இந்தத் தொட்டிலுக்குள்ள இருக்கிறது எந்த மரத்துல போய் உக்காரும்னு எனக்கே தெரியாது. சோலைக் காடா இருக்கலாம். கீழ தேயிலையா இருக்கலாம். ஒண்ணுமே ஆகாமலும் போகலாம்.”

“ஒண்ணும் ஆகாமலும் போகலாம்ல?”

“அக்கா…”

“வெட்டணுங்கிற.”

“இந்த வாரத்துக்குள்ள. வெடிக்கிறதுக்கு முன்னாடி.”

அமலி எழுந்து அடுப்புப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டாள். குரல் மட்டும் வந்தது. “மருந்தடிச்சா?”

“பஞ்சுக்குள்ளயே மருந்து இறங்காது. இதுக்குள்ள எப்படி இறங்கும்?”

“நான் உக்காந்து ஒண்ணொண்ணாக் கிள்ளிப் போடுறேன். ஏணி இருக்கு.”

“கண்ணுக்குத் தெரியாதது மொட்டு மொட்டுக்கு இருக்கும்க்கா.”

“பெரிய கொசுவலையா வாங்கி மூடிக் கட்டிடுறேன். பண்டிகை வரைக்கும்தானே? அதுக்கப்புறம் நீ வெட்டிக்க, எரிச்சுக்க, என்ன வேணா பண்ணிக்க.”

“கொசுவலைக் கண்ணுல அதுக நாலு பேர் கைகோத்துக்கிட்டுப் போகும்.”

ஒரு நொடி இருவருக்குமே சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அமலியின் முகம் கோணிக்கொண்டது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

எதற்கு அழுகிறாள் என்று ரெஜினாவுக்குத் தெரியும். அக்கா மகன் ஜெரோம் ஜெர்மனியில் நர்ஸ். அப்பா இறந்ததற்கு வந்தபோது சட்டைப் பையில் நாலைந்து காய் போட்டுக்கொண்டு வந்தான். ‘அசல் கிறிஸ்துமஸ் மரம்மா, இங்க யார்கிட்டயும் இருக்காது’ என்று சொல்லி விதை போட்டான். அதற்கப்புறம் வரவில்லை. முதலில் வேலை, பிறகு கல்யாணம், பிறகு குழந்தைகள். மாதத்துக்கு ஒரு முறை வந்த போன், வருஷத்துக்கு ஒரு முறை ஆனது. கிறிஸ்துமஸ் அன்று வீடியோவில் வருவான். வந்ததும் முதல் கேள்வி, ‘அம்மா, மரத்தக் காட்டு.’

“அந்த மரம் நிக்கிறதாலதான்டி வருஷத்துல ஒரு நாளாச்சும் கூப்புடுறான்,” என்றாள் அமலி. “அது போச்சுன்னா எதக் கேட்டுக் கூப்புடுவான்? என் மூட்டுவலியக் கேட்டா?”

ரெஜினா கையிலிருந்த ‘காயை’ மேசையில் வைத்தாள்.

“கடைய எடுத்தே, நான் கேக்கல. ஊருக்குத் தண்ணி வருதுல்ல, போகட்டும்னு விட்டேன். ஊரெல்லாம் உன்னைத் திட்டுனப்ப எவகிட்டயும் நான் உன்னை விட்டுக்கொடுத்ததில்ல. இத மட்டும் விட்டுரு. நீ சொல்லாட்டி யாருக்குத் தெரியும்? சொல்லு, யாருக்குத் தெரியும்?”

யாருக்கும் தெரியாதுதான். ரெஜினா அதை யோசிக்காமல் இல்லை, நன்றாகவே யோசித்தாள். இன்னும் சில மாதத்தில் ஓய்வு. பூச்சி கலந்து எங்கேயாவது தலைகாட்டினாலும் எங்கிருந்து கிளம்பியது என்று எவனும் கண்டுபிடிக்கப்போவதில்லை. ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஒரு மலையைத் திருத்துகிறேன் என்று கிளம்பி அக்காவின் வயிற்றில் அடித்தாயிற்று. இந்த ஒன்றையாவது விட்டுவைத்தால் என்ன? அவளுக்கு அவ்வளவு அசதியாக இருந்தது. யாராவது வந்து ‘நீ போய்ப் படு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லமாட்டார்களா என்றிருந்தது.

ஆனால் மேசையில் பிளந்து கிடந்த அந்தக் ‘காயை’ப் பார்த்தாள். அதிலிருந்து வெளியே வந்த ஒரு குஞ்சு, மேசைத் துணியின் பூப்போட்ட ஓரத்தில் வாயை வைத்துத் துழாவிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் விட்ட பூச்சி இப்படிக் கண்டதிலும் வாய் வைக்காது. அவள் விரலால் நசுக்கினாள்.

“வெட்டணும்க்கா.”

அமலி திரும்பினாள். கண் சிவந்திருந்தது, குரலில் ஈரமில்லை. “ஆள வச்செல்லாம் வெட்டாத. நீயே வெட்டு.”

மறுநாள் காலை வனத்துறை ரேஞ்சர் குருநாதன் இரண்டு பேரோடும் ரம்பத்தோடும் வந்தார். விஷயம் கேட்டுவிட்டு, “மேடம், தள்ளுங்க, நம்ம பசங்க ஒரு இழுப்புல சாச்சிடுவாங்க” என்றார். ரெஜினா தலையை ஆட்டி மறுத்தாள். மரத்தைத் தார்ப்பாயால் சுற்றிக் கட்டச் சொல்லிவிட்டு, ரம்பத்தைத் தானே வாங்கிக்கொண்டாள். ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியைப் பிடித்துப் பழகிய கை. பாதியில் கை மரத்து, மூச்சு வாங்கி, உட்கார்ந்து எழுந்து மறுபடி அறுத்தாள். பாதிக்கு மேல் குருநாதன் கேட்காமலே ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அமலி ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

கிளை, ஊசி, வேர்முட்டு எல்லாவற்றையும் குழியில் போட்டு எரித்தார்கள். புகையில் நல்ல வாசம் வந்தது. ஊரில் யாரோ சாம்பிராணி போடுகிறார்கள் என்றுகூடச் சிலர் நினைத்திருப்பார்கள். ரெஜினா போய்க் கதவைத் தட்டினாள். “அக்கா, கிளம்புறேன்.” உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு போன் செய்தபோதும் எடுக்கவில்லை. பட்ட காலிலேதானே படும்.

கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசையில் அமலி முன்வரிசையில் இருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. அழைப்பில்லாத வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று ரெஜினா கோயில் வாசலிலேயே நின்று யோசித்துவிட்டுக் கடைசியில் போனாள். வேறு எந்த வீடு இருக்கிறது அவளுக்கு?

கதவு திறந்தே இருந்தது. கூடத்து மூலையில் தொட்டியோடு ஓர் அரக்கேரியா நின்றது. நர்சரியில் வாங்கியதாக இருக்கும். சீரியல் பல்பு, ஜிகினாத் தாள், உச்சியில் நட்சத்திரம், எதிலும் குறை வைக்கவில்லை. அமலி தங்கையைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. போனை ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டு எதிரே கை கட்டி உட்கார்ந்திருந்தாள், நேர்முகத் தேர்வுக்கு வந்தவள் மாதிரி. என்ன சொல்லுவாள் ஜெரோமிடம்? ரெஜினாவும் ஓரமாக உட்கார்ந்தாள்.

போன் அடித்தது. ஜெரோம் முகம் வந்தது. நரைத்திருந்தான். பின்னால் பிள்ளைகள் அவர்கள் பாஷையில் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

“ஹேப்பி கிறிஸ்துமஸ்மா! ஏய், சித்தியும் இருக்காங்களா? சரி, மரத்தக் காட்டும்மா.”

அமலி எழுந்து போனைத் திருப்பினாள். ரெஜினா கண்ணை மூடிக்கொண்டாள்.

“சூப்பர்மா,” என்றான் ஜெரோம். “நல்லா வளர்ந்திருச்சு என்ன? அப்படியே இருக்கு.”

அமலி போனைப் பிடித்தபடியே நின்றாள். மரம் அவள் இடுப்பளவுதான் இருந்தது.

“ஆமாப்பா,” என்றாள். “நல்லா வளர்ந்திருச்சு.”

“இங்க பிரெண்ட்ஸ்கிட்ட எல்லாம் பெருமையா சொல்லுவேன்மா. ஒரு மலைக்கே நான்தான் மரம் கொண்டுவந்தேன்னு. அன்னைக்குக் கொண்டுவந்த காயில பாதிய நம்ம பங்குச் சாமிகிட்டக் குடுத்தேன்ல, இறந்துபோனாரே, அவர்தான். ஞானஸ்நானம் குடுக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கன்னுன்னு குடுத்துக்கிட்டே இருந்தாராம்ல. அதெல்லாம் பெருசாயிருச்சாம்மா? ஹலோ? அம்மா, கேக்குதா?”

“கேக்குதுப்பா.”

இன்னும் இரண்டு வார்த்தை பேசினான். பிள்ளை ஒன்று விழுந்து அழுதது. வைக்கிறேம்மா, உடம்பப் பாத்துக்க என்று வைத்துவிட்டான்.

கூடத்தில் பல்பு மட்டும் சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி எரிந்தது. எத்தனை வீடு? எத்தனை பிள்ளை? எந்த வீட்டு அசல் அரக்கேரியா, எந்த வீட்டு அசல் ஸ்புரூஸ்? ரெஜினாவுக்குக் கணக்குப் போடவே பயமாக இருந்தது. மூலையில் அப்படியே சுருண்டு படுத்துவிடலாம் போல இருந்தது. இந்த ஒரு மரத்துக்கே இந்தப் பாடு.

“அவனுக்கு மரம் தெரியலடி,” என்றாள் அமலி. வெட்டிய நாளுக்குப் பிறகு அவள் தங்கையிடம் பேசிய முதல் வார்த்தை.

“நம்ம யாருக்குமே தெரியலையேக்கா.”

“நமக்குத் தெரியாதது வேற. இத்தன வருஷம் அவன் அதப் பாக்கத்தான் கூப்புடுறான்னு நெனச்சேன். எதக் காட்டியிருந்தாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்லியிருப்பான்.” மூக்கைச் சிந்திக்கொண்டாள். “நான்தான் கிறுக்கச்சி.”

ரெஜினா அக்காவின் தோளில் கை வைத்தாள். அமலி தட்டிவிடவில்லை. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஸ்வெட்டரை எடுத்து மாட்டினாள்.

“எங்கக்கா கிளம்பிட்ட?”

“ஞானஸ்நான கேக்கெல்லாம் அப்ப என் கடையிலதான் வாங்குனாங்க. எந்தெந்த வீட்டுப் பிள்ளைன்னு எனக்குத் தெரியும். எந்திரி.”

“இன்னைக்கேவா? பண்டிகை நாள்க்கா. இன்னைக்குப் போய் எவ வீட்டு வாசல்ல நின்னு மரத்த வெட்டணும்னு சொல்றது? நாளைக்குக் குருநாதன் சாரோட நான் போறேன்.”

“உனக்கு எவளும் கதவத் திறக்க மாட்டா.” அமலி செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டாள். “வெட்டுனவளுக்கு ஏன் திறக்கப்போறாளுக? வெட்டக் குடுத்தவ கூட வந்து நின்னா திறப்பாளுக.”